ரண்மலின் பூகம்பம்

கட்ச் முழுவதையும் குலுக்கிப் போட்டது தான்தான் என்று ரண்மல் சொன்னபோது, என் கடையில் ஏழெட்டுப் பேர் தேநீரைச் சாசரில் ஊற்றி ஊதிக்கொண்டிருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்க வேண்டும். "போய் ஒட்டகத்தைப் பாருய்யா" என்று அன்றே விரட்டி விட்டிருந்தால், பின்னால் அவன் அவ்வளவு பெரிய மனிதன் ஆகியிருக்க மாட்டான். ஆனால் பூமி ஆடி நான்கு நாள்கூட ஆகாத நேரம் அது. பூஜிலிருந்து வருகிற ஒவ்வொரு லாரியும் ஒரு சாவுச் செய்தியை இறக்கிவிட்டுப் போனது. யாருக்குச் சிரிப்பு வரும்?

"என் பாவந்தான் தேவ்சி. மலைக்குத் தாங்கலை" என்றான் என்னிடம்.

என்ன பாவம் என்று அவனும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எங்களுக்குத் தெரியாதா என்ன?

எங்கள் தலைமேல் நிற்கிற தினோதர் மலையைப் பற்றி, ஒட்டகம் மேய்க்கிற எங்கள் ரபாரிப் பிள்ளைகளுக்குப் பேச்சு வரும்போதே ஒரு கதையும் சேர்ந்து வந்துவிடும். தாதா என்று நாங்கள் கும்பிடுகிற பழைய காலத்துச் சாமியார் ஒரு பட்டணத்தைச் சபித்தார். பிச்சை போடவில்லை என்ற கோபம். பட்டணம் அழிந்தது. அப்புறம்தான் அவருக்கு உறைத்தது, எத்தனை உயிர் என்று. தவம் செய்ய ஒரு மலை மேல் ஏறினார். அந்த மலை, பாவம் கனக்கிறது, இறங்கு என்றது. இன்னொன்றில் ஏறினார். அதுவும் முனகியது. கடைசியில் எங்கள் மலையில் பின்பக்கமாக நடந்து ஏறினார், எங்கள் மலை பொறுத்துக்கொண்டது. உச்சி நொறுங்கினாலும் அவரை இறக்கிவிடவில்லை. அங்கே தலைகீழாக நின்று பல வருடம் தவம் இருந்தார். கண் திறந்து பார்த்த திசையில் கடல் வற்றி உப்பு வெளி ஆனது. உச்சியில் ஏறி வடக்கே பார்த்தால் இப்போதும் வெள்ளையாகத் தெரியும்.

இதனால் எங்கள் குடியிருப்பில் ஒரு வழக்கம். இரண்டு பேருக்குள் தகராறு என்றால், சாட்சியும் இல்லை என்றால், மலையடியிலிருந்து ஒரு கருங்கல்லைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு சத்தியம் செய்ய வேண்டும். பொய்யன் தலையில் அந்தக் கல் மலை அளவு கனக்கும் என்பார்கள். போலீஸ், கோர்ட்டு எல்லாம் எங்களுக்குப் பிறகுதான்.

ரண்மல் அந்தக் கல்லைத் தூக்கினான். குடியரசு தினத்துக்கு முந்தின நாள்.

தகராறு ஒரு பெண் ஒட்டகத்தைப் பற்றியது. ரண்மலின் தம்பி வஸ்தா கல்யாணம் செய்து ஜைசுவைக் கூட்டி வந்தபோது, அவள் அப்பா ஒரு பெட்டைக் கன்றை உடன் அனுப்பினார். மருமகளோடு வருகிற கன்றுக்கும் நம் வீட்டுச் சூடுதான் போடுவோம். தொடையில் அந்தக் குறி விழுந்துவிட்டால் எது யார் வீட்டிலிருந்து வந்தது என்று பிறகு அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. சொல்லத் தேவையும் வராது, வீட்டில் மனுஷன் இருக்கிற வரைக்கும். வஸ்தா லாரியில் அடிபட்டுப் போய்ச் சேர்ந்தான். கன்று வளர்ந்து நல்ல உயரமான ஒட்டகமாகி, சினையாகவும் இருந்தது. ரண்மலின் மகனுக்குப் பெண் பார்த்தார்கள். சம்பந்தி வீட்டில் ஒரு சினை ஒட்டகம் கேட்டார்கள். அது என் மந்தையில் பிறந்தது என்றான் ரண்மல்.

ஜைசுவால் அவன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்க முடியாது. கணவனின் அண்ணனை ஜேட் என்போம். அவர் முன்னால் எங்கள் பெண்கள் முக்காட்டை மார்பு வரை இழுத்துக்கொள்வார்கள், குரலைக் காட்டக்கூடாது. அவள் அந்த வீட்டுக்கு வந்து ஒன்பது பத்து வருடம் ஆகிறது, அவன் அவள் குரலைக் கேட்டதே இல்லை. பஞ்சாயத்து அன்றைக்கும் அவள் முதுகைக் காட்டி உட்கார்ந்து என் மனைவி வாலுவின் காதில் சொன்னாள். வாலு எங்களிடம் சொன்னாள்.

"அது அவ அப்பா குடுத்ததாம். அவ கையால பால் ஊட்டி வளத்ததாம். ஜேட் கல்லைத் தூக்கட்டும், தூக்கிட்டா அவ ஒண்ணும் பேச மாட்டாளாம்."

தூக்க மாட்டான் என்றுதான் நினைத்தோம். எங்கள் ஊர்த் தலைவர், முகி நாக்ஜியும் அப்படித்தான் நினைத்து, "யோசிச்சுக்க ரண்மல்" என்று ரெண்டு தடவை சொன்னார். ரண்மல் தலைப்பாகையைக் கழற்றினான், கல்லைத் தூக்கி வெறுந்தலையில் வைத்தான். "ஒட்டகம் என்னுது" என்றான். கழுத்தில் நரம்பு புடைத்தது, கல் கனம் அப்படி. வேறொன்றும் நடக்கவில்லை. மயில் ஒன்று கத்தியது.

ஜைசு எழுந்து போனாள். அந்த ஒட்டகத்தை விட்டால் அவளுக்கு இங்கே பிழைப்பு இல்லை. ஒரு மூட்டை கட்டினாள். ஏழு வயது மகள் தேவலைக் கையில் பிடித்துக்கொண்டு என் கடைக்கு எதிரே சாயங்கால பஸ்ஸுக்கு நின்றாள். அவள் தம்பி கிழக்கே பச்சாவ் பட்டணத்தில் உப்பு லாரியில் வேலை பார்த்தான், அங்கேதான் வாடகை அறை. குட்டி என்னிடம் கையை நீட்டி ஒரு மிட்டாய் வாங்கிக்கொண்டது.

மறுநாள் காலை பூமி ஆடியது. எங்கள் பக்கம் வட்டக் குடிசைகள், கூம்புக் கூரை. அவை ஊஞ்சல் போல ஆடிவிட்டு நின்றுகொண்டன. என் கடையில் இரண்டு கண்ணாடி ஜாடி போயிற்று, மலையிலிருந்து சில பாறைகள் உருண்டு வந்தன, அவ்வளவுதான். பச்சாவ் தரைமட்டமாகிவிட்டது என்று மத்தியானம் தெரிந்தது. கொடி ஏற்றப் போன பிள்ளைகள் தெருவில் அணிவகுத்துப் போவதைப் பார்க்கத் தேவல் ஒரு சுவரோரம் நின்றிருக்கிறாள். சுவர் விழுந்தது. உயிர் பிழைத்தாள், ராணுவ டாக்டர்கள் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். இந்தச் செய்தி வந்து சேர ஒரு வாரம் ஆயிற்று. அதற்குள் ரண்மல் தன் பூகம்பத்தை அறிவித்துவிட்டிருந்தான்.

அவன் அறிவித்ததும் ஊருக்குள் ஒரு வியாதி பரவியது. முகி நாக்ஜி ஒரு நாள் தலையைக் குனிந்துகொண்டு, மலையடி மடத்துக்குக் கொடுப்பதாகச் சொன்ன ஆட்டைக் கொடுக்கவில்லை, அதனாலும் இருக்கலாம் என்றார். பால்காரன் கானோ, "தண்ணி கலந்தது கொஞ்சந்தான், அதுக்கு இவ்வளவா?" என்று அழுதான். என் வாலு, பூமி ஆடின அன்று காலை அடுப்படியில் என்னைப் பார்த்து 'உன்னைப் பூமி விழுங்க' என்று வைததாக என்னிடம் ஒப்புக்கொண்டாள்.

"அப்ப பூமி குறி தவறிடுச்சு போல" என்றேன்.

"சும்மா இரு. எனக்கு நெஞ்சு படபடங்குது" என்றாள்.

ஆனால் ரண்மலோடு யாராலும் போட்டி போட முடியவில்லை. மற்றவர்கள் ஒரு வாரம் அழுதுவிட்டு, சர்க்கார் சும்மா கொடுத்த தகரக் கூரைக்கு வரிசையில் நிற்கப் போய்விட்டார்கள். ரண்மல் மலை ஏற ஆரம்பித்தான். தாதா மாதிரியே, பின்பக்கமாக.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஏறினான். கள்ளிப் புதரும் குங்கிலிய மரமும் முட்டுகிற பாதையில் குதிகாலால் தடவித் தடவி, கண்ணைச் சமவெளிப் பக்கம் வைத்துக்கொண்டு போவான். விழுவான், எழுவான். முதலில் விடலைகள் பின்னால் நின்று "வலது பக்கம் மாமா, வலது பக்கம்" என்று கேலி செய்தார்கள். பிறகு பக்கத்து ஊர்ப் பெண்கள் வந்து அவன் மிதித்த இடத்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நகத்ரானா டவுனிலிருந்து ஒரு பணக்காரப் பட்டேல் வந்து சால்வை போர்த்தினார். உலகத்தின் பாவத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டவன் என்று பேச்சு. அவனுக்கு முகத்தில் ஒரு களை வந்துவிட்டது. குரல்கூட மெதுவாகிவிட்டது. பூகம்பத்தில் மகன் கல்யாணம் தள்ளிப் போனதால் ஒட்டகம் அவன் வேலிக்குள்ளேயே கன்று ஈன்று, இரண்டு கன்றுக்கான பால் கறந்துகொண்டிருந்தது.

எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. நேராகக் கேட்டுவிட்டேன்.

"ஏன்டா, பச்சாவுக்குப் போயி அந்தக் குழந்தையை ஒரு தடவை பாத்துட்டு வரலாமில்ல?"

"எந்த முகத்தோட போறது தேவ்சி? அங்க செத்தவன் எல்லாம் என்னாலதான். நான் அங்க காலை வச்சா மறுபடி ஆடும்."

அவன் நடிக்கவில்லை, அதுதான் கொடுமை. கண்ணில் தண்ணீர் நின்றது. பாதம் முழுக்க வெடிப்பும் ரத்தமுமாக இருந்தது.

வெயில் ஏறத் தொடங்கிய மாதத்தில் பரோடா காலேஜிலிருந்து சுத்தியலும் பையுமாக நாலைந்து பேர் வந்தார்கள். மலையடியில் கல்லை உடைத்து உடைத்துப் பார்த்துவிட்டு என் கடையில் உட்கார்ந்தார்கள். அதில் ஒரு பெண், தொப்பி போட்டுக்கொண்டு, வெயிலில் கறுத்துப்போய், சிரித்த முகம். ரண்மல் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"இந்த மலைக்குள்ள நெருப்பு இருக்குன்னு சொல்றாங்களே, நெசமா?"

"இருந்துச்சு பெரியவரே. இது ஒரு எரிமலை. அணைஞ்சு கோடிக்கணக்கான வருஷம் ஆச்சு."

"அணைஞ்ச அடுப்பு மாதிரியா?"

"அடுப்புல சாம்பலாவது சுடும். இது சாம்பலும் ஆறிப்போன இடம். செத்துப்போன மலை."

"ஒருத்தன் பெரிய பாவம் பண்ணினா முழிச்சுக்காதா?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "பாவத்துக்கெல்லாம் பூமி ஆடும்னா, எங்க காலேஜ்ல ஒரு சுவர் நிக்காது. ஆட்டத்துக்கும் இந்த மலைக்கும் சம்பந்தம் இல்ல. அது ஆழத்துல நடக்கிற சமாசாரம். நீங்க நல்லாத் தூங்குங்க."

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். ரண்மல் சிரிக்கவில்லை. ஆறுதல் சொன்னவளை, தன் சொத்தைப் பிடுங்க வந்தவளைப் பார்ப்பது போலப் பார்த்தான். அவர்கள் ஜீப் போனதும், "படிச்சவங்களுக்கு இதெல்லாம் புரியாது" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். அடுத்த திங்கட்கிழமை உச்சி வரை ஏறி, அங்கேயே ஒரு நாள் பட்டினி கிடந்துவிட்டு இறங்கினான்.

முதல் மழைக்குப் பிறகு ஜைசு வந்தாள். பஸ் நின்றதும் முதலில் ஒரு மரக்கட்டை ஊன்றுகோல் வெளியே வந்தது, அப்புறம் தேவல் வந்தாள். ஒரு காலில் குதித்து இறங்கி, "தேவ்சி மாமா, மிட்டாய்" என்றாள். எனக்கு ஜாடியைத் திறக்கக் கை வரவில்லை. வாலு ஓடிவந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். ஜைசுவின் தம்பி அந்த வாடகை அறையின் கூரைக்கு அடியிலேயே போய்விட்டான். அவளுக்கு இனி அங்கே யாரும் இல்லை. வஸ்தாவின் குடிசை காலியாகத்தான் இருந்தது, திரும்பி வந்தாள்.

ரண்மலுக்குச் செய்தி போன வேகத்தில் அவனும் வந்தான். குழந்தையை வாலு கடைக்குப் பின்னால் கூட்டிப்போய் ரொட்டியும் மோரும் கொடுத்து உட்கார வைத்திருந்தாள். நல்லவேளை. முகி வந்தார், ஊரே வந்தது. ஜைசு முக்காட்டை இழுத்துக்கொண்டு திரும்பி நின்றாள்.

ரண்மல் தலைப்பாகையைக் கழற்றினான். எங்களில் ஒருவன் தலைப்பாகையை இன்னொருவர் காலடியில் வைத்தால் அதற்கு மேல் மன்னிப்பு இல்லை. அதுவும் தம்பி மனைவியின் காலடியில், ஊர் பார்க்க. பெண்கள் விசும்பினார்கள்.

"உலகத்தையே ஆட்டிட்டேன். எல்லா உயிரும் என் தலையிலதான். என்னை மன்னிச்சுடு" என்றான். சத்தமாக, தெளிவாக. கடைசி வரிசை வரை கேட்டது.

தலைப்பாகை தன் காலில் படாமல் ஜைசு ஓர் அடி பின்னால் போனாள். வாலு கடைக்குப் பின்னாலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஜைசு அவள் காதில் ஏதோ சொன்னாள்.

"எந்தப் பாவத்தைச் சொல்றாருன்னு கேக்கறா" என்றாள் வாலு.

"அதான், பூகம்பம்."

"பூகம்பம் காலையில வந்துச்சு. முந்தின நாள் என்ன பண்ணினாருன்னு கேக்கறா."

ரண்மல் முகியைப் பார்த்தான். முகி மலையைப் பார்த்தார். வாலு மறுபடி காதைக் கொடுத்தாள், ஆனால் ஜைசு அவளை மெல்ல ஒதுக்கிவிட்டுத் திரும்பினாள். முக்காட்டை எடுக்கவில்லை. துணிக்கு உள்ளிருந்து குரல் வந்தது. அவ்வளவு வருடம் கழித்து ரண்மல் அந்தக் குரலை முதல் தடவையாகக் கேட்டான், நாங்களும்தான். கரகரப்பான குரல். கோபமே இல்லை அதில், களைப்புதான் இருந்தது.

"பூமியை ஆட்டுற அளவுக்கு நீங்க பெரிய ஆளு இல்ல. அது ஆட வேண்டிய நேரம் வந்துச்சு, ஆடுச்சு. என் தம்பி, அந்தத் தெரு, அந்த ஊரு, அவங்களை எல்லாம் நீங்க சுமக்க வேண்டாம். அவங்களுக்கு உங்களை யாருன்னே தெரியாது."

யாரோ "ஜைசு, போதும்மா" என்றார்கள்.

"இங்க ஒரு குடிசைகூட விழலை. நான் பஸ்ஸுல வரும்போதே பாத்தேன், என் குடிசை அப்படியே நிக்குது. என் பொண்ணு அன்னைக்கு அது வாசல்ல நின்னிருக்கணும். அவளை அந்தச் சுவத்துக்கிட்ட கொண்டுபோய் நிறுத்தினது மலை இல்ல. நீங்க. அந்த ஒரு கால்தான் உங்க கணக்கு. மத்தது எதுவும் வேண்டாம்."

ரண்மல் நின்ற இடத்திலேயே கொஞ்சம் குறுகினான். "நான் என்ன பண்ணணும்? சொல்லு. மலையில உருண்டு வரட்டுமா?"

"ஒட்டகம் யாருதுன்னு சொல்லுங்க."

அவ்வளவுதான் கேட்டாள். ஆயிரமாயிரம் பேரைக் கொன்றேன் என்று கூசாமல் சொன்ன மனிதன், ஒரு ஒட்டகத்தைப் பற்றி வாயைத் திறக்க முடியாமல் நின்றான். கல்லைத் தூக்கியபோது வராத வியர்வை இப்போது வந்தது. அவன் மகன், மாப்பிள்ளை ஆகவேண்டியவன், கூட்டத்தில் நின்று காலால் மண்ணைக் கிளறினான். ரண்மலின் மனைவி விருட்டென்று எழுந்து போய்விட்டாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அவன்மேல் இருந்த கோபமெல்லாம் போய் வெட்கம் வந்தது, அவனுக்காக மட்டும் இல்லை. கல் தூக்கின அன்று இங்கே இருந்த எல்லோருக்கும் அந்த ஒட்டகம் யாருடையது என்று தெரியும்.

"அது..." என்றான்.

கேட்கவில்லை.

"சத்தமா" என்றாள் ஜைசு. "அன்னைக்குச் சத்தமாத்தானே சொன்னீங்க?"

"ஒட்டகம் ஜைசுவோடது. நான் பொய் சத்தியம் பண்ணினேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். யாரும் அவன் காலடி மண்ணைத் தொட வரவில்லை. ஜைசு மன்னித்தேன் என்றோ மன்னிக்கவில்லை என்றோ சொல்லவில்லை. அவன் வேலிக்குப் போய், தானே கயிற்றை அவிழ்த்து, ஒட்டகத்தையும் கன்றையும் ஓட்டிக்கொண்டு போனாள். ஒட்டகம் அவள் தோளை முகர்ந்துகொண்டே போனது.

அதோடு அவன் மலை ஏறுவது நின்றது. சால்வை போட்ட பட்டேல் ஒரு தடவை தேடி வந்தார். ரண்மல் இல்லை என்று சொல்லச் சொன்னான். கடைக்கு வருவான், மூலையில் உட்காருவான், தேநீர் ஆறிப்போகும்.

"பூகம்பம் என்னாலன்னு நெனச்சப்போ எனக்குத் தூக்கம் வந்துச்சு தேவ்சி" என்றான் ஒரு நாள். "அழுவேன், கால் வலிக்கும், படுத்தா தூங்கிடுவேன். இப்போ அந்தக் குட்டி ஊன்றுகோல் சத்தம் வீட்டு வாசல்ல போகுது. டொக்கு டொக்குன்னு. பகல் பூரா போகுது."

ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, குத்திக்காட்டவும் வரவில்லை.

பிறகு ஒரு காலையில், அவன் அப்படி உட்கார்ந்திருக்கும்போது தேவல் வந்தாள். அம்மா ஒட்டகப் பால் கொண்டுபோய்க் கொடுக்கப் பக்கத்துக் குடியிருப்புக்குப் போயிருந்தாள். குட்டி தானாகவே பெஞ்சில் ஏறி ரண்மலின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் நகர்ந்து இடம் விட்டான், சுவரை ஒட்டி, இதற்கு மேல் நகர முடியாது என்கிற வரை. நான் சாசரில் கொஞ்சம் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். அவள் ஊதிக் குடித்தாள்.

"பெரியப்பா, எங்களுக்கு ஒட்டகம் குடுத்தீங்களாமே?"

அவன் ஆறிப்போன தேநீரைத் தள்ளி வைத்தான்.

"நான் இப்ப அதுமேலதான் பள்ளிக்கூடம் போறேன். நடக்கவே வேண்டாம். கன்னுக்குட்டியும் கூடவே வரும்." தன் கையை அவன் கைமேல் வைத்தாள். "நீங்க ரொம்ப நல்லவரு பெரியப்பா."

நான் தண்ணீர்ப் பானைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். இதை அவன் அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது. யாருக்கு நஷ்டம்? குழந்தை சந்தோஷமாக இருக்கிறது. நான் அவனாக இருந்தால் வைத்துக்கொண்டிருப்பேன்.

"நான் குடுக்கலம்மா" என்றான் ரண்மல். "அது உங்களுது. நான்தான் எடுத்து வச்சுக்கிட்டேன்."

"எப்ப?"

"நீங்க பச்சாவுக்குப் போனீங்களே, அன்னைக்கு."

"நாங்க ஏன் போனோம்?"

"அதனாலதான்."

தேவல் கையை எடுத்துக்கொண்டாள். அவளுக்கு எட்டு வயதாகியிருந்தது, புரிய அது போதும். குனிந்து, பாவாடைக்குக் கீழே ஒன்றும் இல்லாத இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அழவில்லை. சாசரில் இன்னும் தேநீர் இருந்தது, அதைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"தேவ்சி மாமா, அம்மா எப்ப வருவாங்க?" என்று கேட்டாள்.